கெர்னலின் ஃபைல் சிஸ்டம் நிரலைப் பயனர் வெளியில் ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடையின் மாடியில் சனிக்கிழமை மாலை நாங்கள் சிலர் கூடுகிறோம். பாலிடெக்னிக்கில் படிக்கிறவர்கள், ஈப்போவில் வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில் தோட்டத்து வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் என்று ஏழெட்டுப் பேர். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் ஃபைல் சிஸ்டம் பகுதியைப் படிக்கிறோம், சின்னதாக ஒன்றை நாங்களே எழுதியும் பார்க்கிறோம். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஃபைல் சிஸ்டம் கெர்னலுக்குள் ஓடுகிற ஒன்று. அதை வெளியே எடுத்து ஓட்டுவது என்றால் என்ன அர்த்தம்?

ஃபைல் சிஸ்டம் நிரலைத் திறந்து பாருங்கள். பெரும்பகுதி சாதாரண சி மொழிதான். எந்த பிளாக் காலி என்று குறித்திருக்கும் பிட்மேப்பில் தேடுகிறது, மர வடிவில் அடுக்கிய தரவில் ஒரு கிளையைப் பிரிக்கிறது, டைரக்டரி என்கிற அடைவில் ஒரு பெயரைச் சேர்க்கிறது. வன்பொருளை அது நேரடியாகத் தொடுவதில்லை. கெர்னலிடம் அது கேட்டு வாங்குவது முக்கியமாக நான்கு: மெமரி, ஒரே பொருளை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுக்கும் லாக், இணையாக ஓடும் திரெட், டிஸ்க்கில் பிளாக்குகளைப் படிக்கவும் எழுதவும் ஒரு வழி. இந்த நான்கையும் வேறு யாராவது கொடுத்தால், தான் எங்கே ஓடுகிறோம் என்பது அந்த நிரலுக்குத் தெரியாது. கொடுப்பது ஒரு சாதாரண புரொசஸாக, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமாக, இருக்கலாம். அப்போது டிஸ்க் என்பது உங்கள் ஹோம் அடைவில் கிடக்கும் ஒரு கோப்பு, லாக் என்பது பிதிரெட் என்ற திரெட் லைப்ரரியின் லாக், அவ்வளவுதான். மற்ற புரோகிராம்கள் ஓடும் அந்த இடத்தைத்தான் பயனர் வெளி, யூசர்ஸ்பேஸ் என்கிறோம்.

எதற்காக இந்தச் சிரமம்? நேராகக் கெர்னலிலேயே எழுதிச் சோதித்தால் என்ன?

எழுதலாம். ஆனால் கெர்னலுக்குள் ஒரு தவறான பாயின்டர் போதும், மொத்தக் கணினியும் நின்றுவிடும். மறுபடி பூட் செய்து, எடிட்டரைத் திறந்து, எங்கே விட்டோம் என்று யோசித்து உட்காருவதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும். ஒரு மாலையில் எத்தனை தடவை அப்படிச் செய்ய முடியும்? ஃபைல் சிஸ்டம் எழுதுகிறவர் ஒரு நாளில் நூறு தடவை தவறு செய்வார். அந்த நூறையும் செய்து பார்க்க அவருக்கு இடம் வேண்டும்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர். அவருக்கு வெட்டுப் பழக்கியது, அடுத்த ஆண்டு வெட்டிச் சாய்க்கப்போகிற கிழட்டு மரங்களில். கத்தி ஆழமாகப் போய் உள்மரத்தைத் தொட்டால் அந்த இடத்துப் பட்டை முண்டு முண்டாகத்தான் திரும்ப வளரும், பிறகு அங்கே ஒழுங்காகப் பால் எடுக்க முடியாது. நல்ல மரத்தில் கை பழகக் கூடாது என்று தண்டல் (தோட்டத்து மேற்பார்வையாளர்) தெளிவாகச் சொல்லிவிடுவாராம். பயனர் வெளி நமக்கு அந்தக் கிழட்டு மரம். புரொசஸ் செத்தால் கோர் டம்ப், அதாவது சாகும்போது அதன் மெமரி இருந்த நிலையின் நகல், கிடைக்கும், மடிக்கணினிக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கோர் டம்பை டீபக்கரில் திறந்து எந்த வரியில் விழுந்தது என்று உட்கார்ந்து பார்க்கலாம்.

ஃபியூஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதுதானே இது?

இல்லை. எல்லோரும் குழம்புகிற இடம் இது. ஃபியூஸ் 2005-ல் லினக்ஸ் 2.6.14-ல் சேர்ந்தது. பயனர் வெளியில் ஓடுவதற்கென்றே ஒரு ஃபைல் சிஸ்டத்தைப் புதிதாக எழுத அது வழி கொடுக்கிறது. அதன் இடைமுகம் வேறு, கெர்னலுக்குள் எல்லா ஃபைல் சிஸ்டங்களும் பேசும் விஎஃப்எஸ் இடைமுகம் வேறு. ஃபியூஸுக்கு எழுதியதை அப்படியே கெர்னலுக்குள் கொண்டுபோக முடியாது. நாம் செய்வது வேறு வேலை: கெர்னலில் ஓடப்போகிற அதே நிரலை, அதே வரிகளை, வெளியே ஓட்டுகிறோம். அப்படி ஓடுகிற நிரலை மற்ற புரோகிராம்களுக்கு மவுண்ட் செய்து (ஓர் அடைவாக இணைத்து) காட்ட ஃபியூஸைப் பயன்படுத்துவதுண்டு. அங்கே அது வாசல் மட்டுமே.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

முதல் வழி, கெர்னலை முழுசாகவே ஒரு புரொசஸாக ஓட்டுவது. யூசர் மோட் லினக்ஸ், சுருக்கமாக யுஎம்எல், அப்படிப்பட்டது. ஜெஃப் டைக் 1999-ல் தொடங்கி, 2002-ல் அது லினஸ் டோர்வால்ட்ஸின் மூலநிரல் மரத்துக்குள், அதாவது லினக்ஸின் முதன்மை மூலநிரலுக்குள், சேர்ந்தது. கம்பைல் செய்தால் லினக்ஸ் என்ற பெயரிலேயே ஒரு புரோகிராம் கிடைக்கும். அதை ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாமலே மற்ற எந்தப் புரோகிராமையும் போல ஓட்டலாம். டிராகன்ஃபிளை பிஎஸ்டி என்ற இயங்குதளத்திலும் 2007 ஜனவரியில் வந்த 1.8 பதிப்பிலிருந்து வீகெர்னல் என்று இதே மாதிரி ஒன்று உண்டு.

இரண்டாவது, கெர்னலை ஒரு லைப்ரரியாக ஆக்குவது. லினக்ஸ் கெர்னல் லைப்ரரி, எல்கேஎல், இதைச் செய்கிறது. அதைத் தொடங்கியவர் ஆக்டேவியன் புர்டிலா. உங்கள் புரோகிராமோடு லினக்ஸை லிங்க் செய்துகொண்டு, சிஸ்டம் கால்களைச் சாதாரண ஃபங்ஷன்களாகவே அழைக்கலாம். ரூட் அனுமதி இல்லாமல் எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் கொண்ட ஒரு டிஸ்க் இமேஜுக்குள் (ஒரு டிஸ்க்கின் உள்ளடக்கம் முழுவதும் இருக்கும் கோப்பு) கோப்புகளைப் போடும் கருவியும் அதோடு வருகிறது. 2019-ல் வெளியான ஜானஸ் என்ற ஆராய்ச்சி ஃபைல் சிஸ்டங்களில் பிழை தேட எல்கேஎல்லைத்தான் பயன்படுத்தியது. கெட்டுப்போன இமேஜ்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துத் தாக்கும்போது, ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறந்த கெர்னல் வேண்டும். மெய்நிகர் கணினியை அத்தனை தடவை பூட் செய்வது கட்டுப்படியாகாது, லைப்ரரி என்றால் ஒரு ஃபோர்க் (புரொசஸை நகலெடுப்பது) போதும்.

மூன்றாவது, நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் ரம்ப் கெர்னல். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஆன்டி கான்டீ 2007-ல் தொடங்கி, அதையே தன் முனைவர் ஆய்வாக்கி 2012-ல் முடித்தார். கெர்னல் முழுவதையும் தூக்கிக்கொண்டு வராமல், ஃபைல் சிஸ்டத்துக்கு எந்த எந்தப் பகுதி தேவையோ அதை மட்டும் பிரித்து எடுத்து ஓட்டுகிறது. ஃபைல் சிஸ்டம் நிரலில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. நெட்பிஎஸ்டியின் சோதனைத் தொகுப்பில் பல சோதனைகள் இதன்மேல்தான் ஓடுகின்றன. சோதனையில் கெர்னல் நிரல் விழுந்தால் அந்தப் புரொசஸ் மட்டும் சாகும், அடுத்த சோதனை தொடரும்.

நான்காவது, கையால் தைப்பது. கெர்னலின் தலைப்புக் கோப்புகள் இருக்கும் இடத்தில் நம்முடைய தலைப்புக் கோப்புகளை வைத்து, கெர்னல் மெமரி கேட்கும் ஃபங்ஷனை, சாதாரண சி புரோகிராம்கள் மெமரி கேட்கும் மால்லாக்காகவும், கெர்னல் திரெட்டைப் பிதிரெட்டாகவும் மாற்றிவிடுவது. பெரிய ஃபைல் சிஸ்டங்கள் பல இந்த வழியில்தான் வாழ்கின்றன. எக்ஸ்எஃப்எஸ்ஸில் லிப்எக்ஸ்எஃப்எஸ் என்ற பகுதி கெர்னலிலும் உண்டு, அதைப் பழுதுபார்க்கும் கருவிகளிலும் உண்டு, இரண்டும் ஒரே நிரல். பிகேஷ்எஃப்எஸ் கருவித் தொகுப்பும் அப்படியே. இசட்எஃப்எஸ்ஸைச் சன் நிறுவனத்தில் உருவாக்கியபோது இசட்டெஸ்ட் என்ற புரோகிராமையும் சேர்த்து வளர்த்தார்கள். இசட்எஃப்எஸ்ஸின் உள்நிரலைப் பயனர் வெளியில் கம்பைல் செய்து, பல திரெட்டுகளால் ஒரே நேரத்தில் அடித்து, நடுவில் அந்தப் புரொசஸைக் கொன்று, மறுபடி திறந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். இன்றைக்கும் ஓப்பன்இசட்எஃப்எஸ்ஸில் அது ஓடுகிறது.

இதில் எதில் தொடங்கலாம்?

யுஎம்எல். லினக்ஸ் மரத்திலேயே இருக்கிறது, தனியாக எதையும் தேட வேண்டாம். ஆனால் உங்கள் மடிக்கணினி இன்டெல் அல்லது ஏஎம்டி வகையாக இருக்க வேண்டும். ராஸ்ப்பெர்ரி பை வைத்திருக்கிறவர்கள் எல்கேஎல் பக்கம் போகலாம்.

என் வீட்டில் இணையம் கைப்பேசி ஹாட்ஸ்பாட் மட்டும்தான். லினக்ஸ் மூலநிரல் மிகப் பெரியதாயிற்றே?

கிட் வரலாற்றோடு முழுசாக இறக்கினால் பல ஜிபி ஆகும். அது வேண்டாம். ஒரு பதிப்பின் சுருக்கிய கோப்பு மட்டும் என்றால் சுமார் 140 எம்பி. அதையும் இறக்க வேண்டாம் என்றால் சனிக்கிழமை வரும்போது பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள்.

யுஎம்எல்லை எப்படிக் கம்பைல் செய்து ஓட்டுவது?

மேக் கட்டளையில் ஆர்ச் என்ற மாறிக்கு யுஎம் என்று கொடுக்க வேண்டும். முதலில் டெஃப்கான்ஃபிக், பிறகு வெறும் மேக். இரண்டு தடவையும் ஆர்ச் கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால் சாதாரணக் கெர்னலைக் கம்பைல் செய்யத் தொடங்கி, மரத்தில் இருக்கும் பழைய கோப்புகளோடு குழம்பிவிடும். யுஎம்எல்லில் டிரைவர்கள் மிகக் குறைவு. அதனால் சாதாரணக் கெர்னலைவிடப் பல மடங்கு சீக்கிரம் முடியும், எங்களிடம் இருக்கும் பழைய மடிக்கணினிகளிலும்.

ஓட்டும்போது மூன்று விஷயம் சொல்ல வேண்டும். மெமரி எவ்வளவு: 256 எம்பி தாராளம். ரூட் ஃபைல் சிஸ்டம் எது: தனி இமேஜ் தயாரிக்கச் சோம்பலாக இருந்தால், ஹோஸ்ட்எஃப்எஸ் மூலம் உங்கள் கணினியின் சொந்த அடைவுகளையே காட்டிவிட்டு, இனிட்டாக, அதாவது முதலில் ஓடும் புரோகிராமாக, ஒரு ஷெல்லைக் கொடுங்கள். மூன்றாவது, சோதனைக்கான டிஸ்க்: யுபிடி என்ற பெயரில் ஒரு கோப்பைக் கொடுத்தால் உள்ளே அது பிளாக் சாதனமாகத் தெரியும். டிரங்கேட் கட்டளையால் 1 ஜிபி கோப்பு செய்தாலும் எழுதிய பகுதிக்குத்தான் டிஸ்க்கில் இடம் போகும்.

ஒரு எச்சரிக்கை. ஹோஸ்ட்எஃப்எஸ் வழியாக உங்கள் உண்மையான கோப்புகளைத்தான் பார்க்கிறீர்கள். உள்ளே நின்று அழித்தால், உங்கள் அனுமதிக்கு உட்பட்டதெல்லாம் வெளியிலும் அழிந்துபோகும்.

யுபிடிக்கு இரண்டு கோப்புகளைக் காற்புள்ளியிட்டுக் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டாவது கோப்பு மூலம், அதில் எதுவும் எழுதப்படாது. மாற்றங்கள் எல்லாம் முதல் கோப்பில் விழும். சோதனை முடிந்ததும் முதல் கோப்பை அழித்தால் டிஸ்க் பழைய நிலைக்கு வந்துவிடும். நாள் முழுக்க உடைத்து உடைத்துப் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய வசதி.

யுஎம்எல்லை ஜிடிபி என்ற டீபக்கரில் ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நின்றுகொண்டே இருக்கிறது. என் நிரலில் பிழையா?

பிழை இல்லை. செக்மென்டேஷன் ஃபால்ட் என்பது புரொசஸுக்கு வரும் ஒரு சிக்னல். மெமரியில் இல்லாத பக்கத்தைத் தொட்டால் வன்பொருளில் வரும் பேஜ் ஃபால்ட் எப்படியோ, யுஎம்எல்லுக்கு அந்தச் சிக்னல் அப்படி. சாதாரண ஓட்டத்திலேயே வந்துகொண்டிருக்கும். ஜிடிபியின் ஹேண்டில் கட்டளையில் அந்தச் சிக்னலைச் சொல்லி, நிற்காதே, அச்சிடாதே, புரோகிராமுக்கே அனுப்பிவிடு என்று அமைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் ஃபங்ஷனில் பிரேக்பாயின்ட் வைத்தால் நிம்மதியாக ஒவ்வொரு வரியாகப் போகலாம். நம் மொழியில் சொன்னால், கெர்னல் பாதி வாக்கியத்தில் நின்று நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லும்.

கரண்டு போனால் என் ஃபைல் சிஸ்டம் தாங்குமா என்று எப்படிச் சோதிப்பது? புரொசஸைக் கில் செய்தால் போதுமா?

போதாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்களே இதில் ஏமாந்திருக்கிறோம்.

பிற்பகல் இடிமழையில் கரண்டு போவது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்களில் ஒரு தம்பி, ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பகுதி) இல்லாத ஒரு சின்ன ஃபைல் சிஸ்டம் எழுதினார். புதிய கோப்பு ஒன்று உருவாக்கினால் அது மூன்று பிளாக்குகளை எழுதும்: அடைவில் பெயர், கோப்பின் விவரங்களை வைக்கும் ஐநோட், எந்த ஐநோட் எடுக்கப்பட்டது என்று குறிக்கும் பிட்மேப். ஓடிக்கொண்டிருக்கும்போதே நூறு தடவை கில் செய்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் டிஸ்க் சுத்தமாக இருந்தது. அவருக்கு மகிழ்ச்சி, எங்களுக்கும்தான்.

ஏன் சுத்தமாக இருந்தது? மூன்று எழுத்தும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகின்றன, கில் அவற்றின் நடுவில் விழுவது அபூர்வம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. புரொசஸ் எழுதியதெல்லாம் வெளிக் கணினியின் பேஜ் கேஷுக்கு, அதாவது கோப்புகளின் பகுதிகளை அதன் கெர்னல் மெமரியில் வைத்திருக்கும் இடத்துக்கு, போய்விட்டது. புரொசஸ் செத்தாலும் பேஜ் கேஷ் சாகவில்லை, எழுதியதை எழுதிய வரிசையிலேயே வைத்திருக்கிறது. நிஜமாகக் கரண்டு போகும்போது அப்படி இல்லை. எல்லாவற்றையும் நிரந்தரமாக எழுதிவிடு என்னும் ஃபிளஷ் கட்டளை வரும்வரை டிஸ்க் தன் கேஷில் இருப்பதை எந்த வரிசையிலும் இறக்கலாம், பாதியை இழக்கவும் செய்யலாம்.

அதனால் பிளாக் எழுதும் ஃபங்ஷனுக்கு அடியில் ஒரு பதிவேடு வைத்தோம். எந்த பிளாக், என்ன எழுதினோம், எங்கே ஃபிளஷ் வந்தது என்று வரிசையாக எழுதிவைக்கும், அவ்வளவுதான். கெர்னலில் இதே வேலைக்கு டிஎம் லாக் ரைட்ஸ் இருக்கிறது. பயனர் வெளியில் நாமே ஐம்பது அறுபது வரிகளில் எழுதிவிடலாம். பிறகு காலி இமேஜ் ஒன்றை எடுத்து, இரண்டு ஃபிளஷ்களுக்கு நடுவே இருக்கும் எழுத்துகளில் எது எது டிஸ்க்கில் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று ஒவ்வொரு சேர்க்கையாக எழுதிச் சோதிக்கிறோம். மூன்று எழுத்து என்றால் எட்டு நிலைகள்.

முதல் கோப்பிலேயே மாட்டியது. அடைவு பிளாக் மட்டும் போய்ச் சேர்ந்து மற்ற இரண்டும் சேராத நிலையில், பெயர் இருந்தது, அது காட்டிய ஐநோட் முழுக்கச் சுழியங்கள். இன்னும் மோசம், அந்த ஐநோட் காலி என்று பிட்மேப் சொல்கிறது. அடுத்து உருவாக்கும் கோப்புக்கும் அதே ஐநோட் போகும். இரண்டு பெயர், ஒரே பொருள். ஒன்றை அழித்தால் மற்றதும் போய்விடும்.

திருத்தம் என்ன? பிட்மேப்பும் ஐநோட்டும் முதலில், ஃபிளஷ், பிறகு அடைவு. சுட்டப்படுகிற பொருள் டிஸ்க்கில் தயாராகாமல் சுட்டும் பெயரை எழுதக் கூடாது. இப்படிச் செய்தால் மிஞ்சிப் போனால் யாரும் பயன்படுத்தாத ஓர் ஐநோட் வீணாகும், யாருடைய கோப்பும் கெடாது. ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஃபிளஷ் என்றால் வேகம் படுத்துவிடும். ஜர்னல் எதற்கு வந்தது என்று அன்றைக்கு அந்தத் தம்பிக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, அவரே கேட்டார்.

பயனர் வெளியில் எல்லாச் சோதனையும் தேறிவிட்டது. கெர்னலில் போட்டால் விழுகிறது. ஏன்?

முதலில் ஸ்டாக்கை, அதாவது ஃபங்ஷன்கள் தங்கள் லோக்கல் மாறிகளை வைக்கும் மெமரியை, பாருங்கள். பயனர் வெளியில் லினக்ஸ் வழக்கமாக 8 எம்பி ஸ்டாக் கொடுக்கும். எக்ஸ்86 64 பிட் கெர்னலில் ஒரு திரெட்டுக்கு 16 கேபிதான். அடைவுக்குள் அடைவு என்று தன்னைத் தானே அழைக்கும் ஃபங்ஷன் வெளியே ஜம்மென்று ஓடும், உள்ளே விழும். ஒரு ஃபங்ஷனுக்குள் 4 கேபி பஃபரை லோக்கலாக வைத்தாலும் அதே கதை. கையால் தைக்கும் வழியில் வேலை செய்கிறவர்கள் திரெட் உருவாக்கும்போதே ஸ்டாக்கைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள், சில பிழைகள் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது மெமரி. மால்லாக் தோற்பதை நீங்கள் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டீர்கள். கெர்னலில் அது தோற்கும், அதுவும் டிஸ்க்குக்கு எழுதினால்தான் மெமரி விடுபடும், எழுத மெமரி வேண்டும் என்கிற இக்கட்டான நேரத்தில். நாங்கள் மாற்று ஃபங்ஷனில் ஒரு எண்ணியை வைத்து, முதலில் 1-வது அழைப்பு தோற்கட்டும், பிறகு 2-வது, பிறகு 3-வது என்று ஓட்டுகிறோம். பிழை வந்த பாதையில் லாக்கை விடாமல் திரும்பும் இடங்கள் எல்லாம் இதில்தான் அகப்படும்.

பல சிபியுக்கள் ஒரே நேரத்தில் மோதும் பிழைகளை யுஎம்எல் நன்றாகக் காட்டாது. மிக நீண்ட காலம் அது ஒரே சிபியுவோடுதான் ஓடியது. எம்மேப் செய்த (மெமரியாகவே காட்டிய) கோப்பு ஒரு பக்கம், ரைட்பேக் (மெமரியில் மாறியதை டிஸ்க்கில் எழுதுவது) இன்னொரு பக்கம் என்று பேஜ் கேஷில் நடக்கும் இழுபறியும் கையால் தைத்த சூழலில் வராது, ஏனென்றால் அங்கே பேஜ் கேஷே இல்லை.

அப்படியானால் கியூஇஎம்யூ என்ற மெய்நிகர் கணினியையே பயன்படுத்தலாமே?

பயன்படுத்த வேண்டும். இது ஒன்றுக்கு ஒன்று போட்டி இல்லை. டிஸ்க் அமைப்பு, மரம், பிட்மேப், பழுதுபார்க்கும் கருவி எல்லாம் பயனர் வெளியில் திடமான பிறகு கியூஇஎம்யூவில் நாலு சிபியு கொடுத்து எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற ஃபைல் சிஸ்டம் சோதனைத் தொகுப்பை ஓட்டுங்கள். அதுவும் தேறினால், இழந்தால் கவலையில்லாத ஒரு நிஜ டிஸ்க். என் அனுபவத்தில் பிழைகளில் பெரும்பாலானவை முதல் கட்டத்திலேயே அகப்படுகின்றன, அங்கே அவற்றைப் பிடிப்பது மிகச் சுலபம் என்பதால். மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரைப் போட்டுக் கம்பைல் செய்தால், விடுவித்த மெமரியைத் தொட்ட வரி, அதை விடுவித்த வரி, முதலில் வாங்கிய வரி மூன்றையும் அதுவே சொல்லிவிடும்.

இதில் பாதுகாப்புக்கும் பயன் உண்டு என்கிறார்களே?

உண்டு. யாரோ கொடுத்த பென்டிரைவை மவுண்ட் செய்யும்போது, அதில் இருக்கும் ஒவ்வொரு பைட்டையும் உங்கள் கெர்னல் நம்பிப் படிக்கிறது. வேண்டுமென்றே கெடுத்த இமேஜாக இருந்தால் கெர்னலையே விழவைக்கலாம், கைப்பற்றவும் செய்யலாம். அதே ஃபைல் சிஸ்டத்தை ரம்ப் அல்லது எல்கேஎல் வழியாக ஒரு புரொசஸுக்குள் திறந்தால் ஆபத்து அந்தப் புரொசஸின் அனுமதிக்குள் நின்றுவிடும்.

உரிமம்?

லினக்ஸ் ஜிபிஎல் 2. எல்கேஎல்லை உங்கள் புரோகிராமோடு லிங்க் செய்து வெளியிட்டால் அதுவும் அந்த உரிமத்துக்குள் வரும். நெட்பிஎஸ்டியின் உரிமம் அந்த விஷயத்தில் தளர்வானது. நாம் கற்றுக்கொள்ளும்வரை இரண்டும் ஒன்றுதான்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவன், ஆங்கிலம் சுமார். எனக்கு இது வருமா?

வரும். சி நிரல் எல்லோருக்கும் ஒன்று. கெர்னலில் இருக்கும் குறிப்புகளைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் வேண்டும்தான், அதைச் சனிக்கிழமை வரி வரியாகத் தமிழில் பேசிப் படிக்கிறோம். பாயின்டர் புரியவில்லை என்று கேட்கத் தயங்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்காதவர் எங்கள் மாடியில் யாருமே இல்லை.

முதல் வாரம் வருவதற்குமுன் வீட்டில் எதைச் செய்து பார்க்கலாம்?

கேயூனிட் என்று ஒரு சோதனைக் கருவி லினக்ஸ் 5.5-லிருந்து, அதாவது 2020 ஜனவரியிலிருந்து, மூலநிரலோடு வருகிறது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது யுஎம்எல்லையே கம்பைல் செய்து அதில் சோதனைகளை ஓட்டும். எக்ஸ்ட்4 அடைவில் அதற்கான கட்டமைப்புக் கோப்பு தயாராக இருக்கிறது, அதைக் காட்டி ஓட்டுங்கள்.

அங்கே இருப்பவற்றில் ஒன்று நேரமுத்திரைக்கான சோதனை. நொடிகளை 32 பிட்டில் வைத்தால் கணக்கு 2038 ஜனவரி 19-ல் முடிந்துவிடும். எக்ஸ்ட்4 இன்னொரு 32 பிட்டைச் சேர்த்து, அதில் 30 பிட்டை நானோநொடிக்கும் மிச்சம் 2 பிட்டை நொடிக்கும் ஒதுக்கியிருக்கிறது. அதனால் 2446 மே 10 வரை போகிறது. இந்தச் சோதனை 1901 டிசம்பர் 13-லிருந்து அந்தக் கடைசி நாள்வரை எல்லைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும்.

எல்லாம் தேறியதும் எக்ஸ்ட்4-இன் தலைப்புக் கோப்பில் எபாக் பிட்ஸ் என்று இருக்கும் 2-ஐ 1 ஆக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எந்த வரிகள் விழுகின்றன, எந்த வரிகள் அப்போதும் தேறுகின்றன என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஏன் என்று யோசித்துவிட்டு வாருங்கள். மாலை ஐந்து மணிக்குத் தொடங்குவோம்.